காலக் கழுவிற்று வாங்க

மறதி நோய் கிளினிக்குக்கு வெளியே ஆட்கள் குந்தியிருக்க ஒரு நீள வாங்கு போட்டிருக்கிறது. அதில் இருக்கிறவர்களைப் பார்த்தால் யார் நோயாளி, யார் கூட்டிவந்த ஆள் என்று உடனே சொல்ல ஏலாது. கூட்டிவந்த ஆள்தான் கூடக் களைத்துப்போய் இருப்பார். நானும் அப்படித்தான் இருந்தேன். அந்த வாங்கில் இனி வந்து இருக்கப்போகிறவர்களுக்கு இது உதவலாம். எனக்குக் கதைக்கிறது குறைவு. நடந்ததைச் சொல்கிறேன்.

என் மனிசி பெயர் கனகம்மா. எங்கள் இடம் கொக்கட்டிச்சோலைக்குக் கிட்ட. வயல்தான் தொழில். சரியாகச் சொன்னால் அது அவட இடம். நான் பிறந்தது வாவிக்கு அந்தப்பக்கம், எழுவான்கரையில். எங்கள் பகுதியில் கல்யாணம் முடித்தால் ஆம்பிளைதான் பொம்பிளை வீட்டுக்குப் போவான். வீடும் வளவும் பொம்பிளைக்கு. அப்படித்தான் நானும் பாதை ஏறிப் படுவான்கரைக்கு வந்தேன். பாதை என்றால் ஆட்களையும் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கிற மிதவை. இப்போது அந்த இடத்தில் பாலம். பஸ்ஸில் போகலாம்.

மகள் சாந்திக்குக் கல்யாணம் முடிந்தபோது பெரிய வீட்டை அவளுக்குக் கொடுத்தோம். அதே வளவில் பின்பக்கம் சின்ன வீடு ஒன்று கட்டி நாங்கள் இரண்டு பேரும் இருந்தோம். அதுவும் எங்கள் வழக்கம்தான்.

வருத்தம், அதாவது நோய், எப்போது தொடங்கியது என்று கிளினிக்கில் டொக்டர் அம்மா கேட்டா. எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஒருநாள் சோறு வடித்து, கஞ்சியை மூடிவைத்துவிட்டு, சோற்றைக் கோழிக்குக் கொட்டினா. கோழிக்கு நல்ல காலம் என்று நாங்கள் சிரித்தோம். அவவும் சிரித்தா. அதெல்லாம் வருத்தம் என்று யார் நினைத்தார்கள்.

மறுகா, கொஞ்ச நாளுக்குப் பிறகு, ஒரு பின்னேரம். நான் விறாந்தையில் வெற்றிலை போட்டுக்கொண்டு இருந்தேன். கனகம்மா வாசலில் வந்து நின்றா. தலைச்சீலையைச் சரிபண்ணிக்கொண்டா. பிறத்தி ஆள் வந்தால் அப்படிச் செய்வா.

"ஐயா, பொழுது படுகுது. நீங்க இன்னும் வெளிக்கிடல்லியா?"

"எங்க போறது?"

"உங்கட ஊட்டுக்குத்தான். கடைசிப் பாதை போயிரும். மறுகா அந்தரப்படுவீங்க."

பகிடி என்று நினைத்தேன். முகத்தைப் பார்த்தேன். பகிடி இல்லை.

எங்கள் ஊரில் மனிசி புருசனைப் பார்த்து உன் வீட்டுக்குப் போ என்று சொன்னால் அதற்கு மேல் கதை இல்லை. வீடு அவட. அந்தக் கிழமை நான் பசுவை விற்றிருந்தேன். அதில் அவவுக்குக் கோபம். அந்தக் கோபம்தான் இப்படி வருகிறது என்று எடுத்துக்கொண்டேன். ஒரு சேர்ட்டையும் சாரனையும் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறி, எழுவான்கரையில் தங்கச்சி வீட்டுக்குப் போய்விட்டேன். தங்கச்சி சோறு போட்டாள். ஏன் வந்தாய் என்று கேட்கவில்லை. அது பெரிய உதவி.

அடுத்த நாள் மருமகனின் ஓட்டோவில் சாந்தி வந்து இறங்கினாள்.

"அப்பா, இஞ்ச என்ன செய்றீங்க?"

"உன்ட அம்மா போகச் சொன்னா."

"அம்மாவா? அவ விடிஞ்சதில இருந்து உங்களத்தான் தேடுறா. சொல்லாமக் கொள்ளாம எங்க போயிற்றார் மனிசன், வரட்டும், வரட்டும் எண்டு வாய் ஓயாம ஏசுறா. கோழி குஞ்செல்லாம் பயந்துபோய்க் கிடக்கு."

போனேன். கனகம்மா வளவுக்குள் ஏறுகிற கடப்படியிலேயே நின்று பிடித்துக்கொண்டா. உள்ள ஏச்செல்லாம் ஏசினா. எனக்கு அது கேட்க நல்லா இருந்தது. சோறு போட்டுத் தந்தா. பின்னேரம் ஆனது. தலைச்சீலையைச் சரிபண்ணிக்கொண்டு வாசலுக்கு வந்தா.

"ஐயா, கடைசிப் பாதை போயிரும்."

சாந்தி பெரிய வீட்டு வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். அப்போதுதான் இது கோபம் இல்லை என்று தெரிந்தது.

கிளினிக்குக்குப் போன நாள் அறுவடைக் காலம். வெட்டு மெசின் எங்கள் வட்டைக்குள் இறங்கி நின்றது. வட்டை என்றால் வயல் வெளி. றோட்டின் இரண்டு பக்கமும் நெல் காயப்போட்டுக் கிடந்தது. மருமகன் நெல்லுக்கு விலத்தி விலத்தி ஓட்டினார். கனகம்மா வெளியே பார்த்துக்கொண்டுதான் வந்தா.

டொக்டர் இளம் பிள்ளை. பொறுமையான பிள்ளை. "அம்மா, நான் மூண்டு சாமான் சொல்லுறன். கொஞ்சத்தால கேப்பன், திருப்பிச் சொல்லணும். வாழைப்பழம், கதிரை, குடை" என்றா. கனகம்மா தலையாட்டினா. வேறு ஏதோ கதைத்துவிட்டு, "அந்த மூண்டும் என்ன அம்மா?" என்று டொக்டர் கேட்டா.

"நீங்க ஒண்டும் சொல்லல்லியே புள்ள. சொன்னாத்தானே சொல்லலாம்" என்றா கனகம்மா.

எல்லாரும் சிரித்தோம். டொக்டரும் சிரித்தா.

"சரி அம்மா. இப்ப என்ன மாசம்?"

"மாசம் ஆருக்குத் தெரியும்? வயல் உழுது கிடக்கு. ஒரு மழை விழுந்தா விதைக்கலாம்."

டொக்டர் எழுதிக்கொண்டா. அவவுக்கு அது மாசம் தெரியாத பதில், அவ்வளவுதான். எனக்கு அது வேறு. கனகம்மா ஒருநாளும் கலண்டர் பார்த்த ஆள் இல்லை. பயிரைப் பார்த்துத்தான் அவவுக்கு நாள். நெல் காய்கிற றோட்டால் வந்து, அந்த வாசத்தோடு வந்து, விதைப்பு என்று சொல்லுறா. ஸ்கான், இரத்தம் எல்லாம் பிறகுதான் எடுத்தார்கள். எனக்கு அந்த இடத்திலேயே தெரிந்துவிட்டது.

ஸ்கான் வெளியில் காசு கட்டி எடுக்கவேண்டி வந்தது. மருமகன் எடுப்பித்தார். எவ்வளவு என்று இன்றைக்கு வரைக்கும் எனக்குச் சொல்லவில்லை.

டிமென்சியா என்றா டொக்டர். மூளை கொஞ்சம் கொஞ்சமாக வத்துகிறது. குளம் வத்துவது போல, முதலில் கரைப்பக்கம் வத்தும், நடுவில் இருக்கிற தண்ணி கனகாலம் நிற்கும். நேற்று நடந்தது மறக்கும். சின்ன வயதில் நடந்தது நிற்கும். அவவுக்கு இப்போது தான் கல்யாணம் முடித்த காலத்தில் இருக்கிற மாதிரி. அவட புருசன் இளம் ஆள். அப்போது விறாந்தையில் இருக்கிற நரைத்த கிழவன் யார்? அதுதான் போகச் சொல்லுறா.

"மாறுமா டொக்டர்?"

"மாறாது ஐயா. போற வேகத்தக் கொஞ்சம் குறைக்கலாம்."

சாந்தி அழத் தொடங்கினாள். கனகம்மாதான் முந்தானையால் அவள் முகத்தைத் துடைத்தா. "ஆருக்கு என்ன புள்ள? ஆரும் செத்துப்போயிற்றாங்களா?" என்று கேட்டா.

வெளிக்கிடும்போது கிளினிக்கில் நிற்கிற நேர்ஸ் மிஸி என்னை மட்டும் கூப்பிட்டா. "ஐயா, நீங்க பொசிட்டிவா இரிக்கணும்" என்றா.

"அப்பிடியெண்டா என்ன மிஸி?"

மிஸி கொஞ்சம் யோசித்தா. "அவ சொல்றதுல பிழை பிடிக்காதீங்க. மல்லுக்கட்டாதீங்க. அவ எந்தப் பக்கம் போறாவோ அந்தப் பக்கம் நீங்களும் போங்க. அவ சிரிச்சா நீங்களும் சிரிங்க. அழுகை வந்தா அவவுக்கு முன்னால வேணாம், கிணத்தடிக்குப் போங்க."

"சிரிக்கிறதுக்கு இதில என்ன மிஸி இரிக்கி?"

"பாருங்க ஐயா. இரிக்கும்."

நான் கேட்டுக்கொண்டு வந்தேன். ஆனால் உடனே அப்படி நடக்க வரவில்லை. பின்னேரம் அவ போகச் சொல்லும்போதெல்லாம், நான்தான் உன்ட புருசன் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். ஒருநாள் கையைப் பிடித்துச் சொன்னேன். அவ "கள்ளன், கள்ளன்" என்று கத்தினா. அயல் ஆட்கள் ஓடிவந்தார்கள். கடப்படிக்கு வந்து, உள்ளே நான் நிற்பதைக் கண்டு அப்படியே நின்றார்கள். ஒவ்வொருவராகத் திரும்பிப் போனார்கள். அந்த ஆட்கள் திரும்பிப் போன விதம் எனக்கு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

அதற்குப் பிறகு மல்லுக்கட்டுவதை விட்டேன். அவ வாசலுக்கு வந்தால், "ஓம் புள்ள, நேரம் போயிற்று, வாறன்" என்று எழும்புவேன். "கவனமாப் போங்க ஐயா" என்பா. கடப்படியால் வெளியே போய் மதகில் குந்தியிருப்பேன். றோட்டால் போகிறவர்களுக்கும் அது பழகிவிட்டது.

"என்ன அண்ணே, இண்டைக்கும் கலைச்சிட்டாவா?"

"ஓம். நாளைக்கு வேற ஊடு பாக்கணும்."

"பொம்பிளையும் பாப்பமா?"

"பாரு. ஆனா மறதி இல்லாத ஆளாப் பாரு."

அப்படிச் சிரிக்கப் பழகினேன். மிஸி சொன்னது அதைத்தானோ தெரியாது. கொஞ்ச நேரத்தால் அவ அடுப்படிக்குள் போனதும் பின்பக்கத்தால் உள்ளே போவேன். சிலநாள் ஒன்றும் சொல்லமாட்டா. சிலநாள் மறுகா கலைப்பா.

மாரி தொடங்கியது. ஒருநாள் பெருமழை. வரம்பு உடைந்துபோனது. சாந்தியிடம் அம்மாவை விட்டுவிட்டு வட்டைக்குள் போய் வரம்பு கட்டினேன். பின்னேரம் மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு, முழங்கால் மட்டும் சேறோடு கடப்படியால் வந்தேன். கனகம்மா விறாந்தையில் நின்றா. சரி, மதகுதான் இன்றைக்கும் என்று நினைத்துக்கொண்டு வந்தேன்.

அவ என் காலைப் பார்த்தா.

"இஞ்சாருங்க, அந்தச் சேத்தோட உள்ளுக்கு வந்திராதீங்க. இப்பதான் கூட்டினன். காலக் கழுவிற்று வாங்க."

புருசனைக் கூப்பிடுகிற அந்த இஞ்சாருங்க என்ற சொல்லை மாசக்கணக்காக ஒரு பின்னேரமும் அவ வாயில் நான் கேட்கவில்லை. கிணற்றடிக்குப் போனேன். காலைக் கழுவ அன்றைக்குக் கனநேரம் எடுத்தது.

உள்ளே வந்தேன். சோறு போட்டுத் தந்தா. வரம்பு கட்டி முடிந்ததா என்று கேட்டா. என் முகம் நரைத்துத்தான் இருந்தது. அதை அவ பார்க்கவில்லை. சேறோடு வந்த ஆள் புருசன். அது அவவுக்குப் போதும்.

அடுத்த நாள் வயலில் எனக்கு வேலை இல்லை. ஆனாலும் பொழுது சாயும்போது மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனேன். வாய்க்காலில் முழங்கால் மட்டும் இறங்கி நின்றேன். ஏறி வந்தேன்.

"இஞ்சாருங்க, காலக் கழுவிற்று வாங்க."

அன்றிலிருந்து அதுதான் எங்கள் பழக்கம். மழை இல்லாத காலத்தில் வாய்க்கால் காய்ந்து கிடக்கும். அப்போது வயல் மண்ணைக் கொண்டுவந்து வாளியில் தண்ணி விட்டுக் குழைத்துப் பூசிக்கொண்டு வருவேன். மருமகன் முதல்நாள் பார்த்தபோது சிரித்தார். பிறகு தானே தண்ணி அள்ளித் தந்தார். றோட்டால் போகிறவர்கள், "அண்ணே, வேலைக்குப் போறீங்களா, வேலை முடிஞ்சு வாறீங்களா?" என்று கேட்பார்கள். ரெண்டும்தான் என்பேன்.

அது நல்ல காலம். அப்போது எனக்கு அது நல்ல காலம் என்று தெரியாது.

போன மாரியில் கனகம்மாவுக்குக் காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல் இல்லை. ஆளையே தெரியாமல் ஏதேதோ கதைத்தா. படுக்கை விரிப்பைக் கையால் கிள்ளிக் கிள்ளி எடுத்தா. முதலில் எனக்கு விளங்கவில்லை. பிறகு பார்த்தேன். களை பிடுங்குறா. ஒரு பிடி சேர்ந்ததும் பக்கத்தில் வைக்கிறா.

எழுவான்கரையில் இருக்கிற டவுன் ஆஸ்பத்திரியில் வாட்டில் படுக்கவைத்து மறித்துவிட்டார்கள். சலம் போகிற வழியில் கிருமி என்றார்கள். வயது போன ஆட்களுக்கு அது வந்தால் மனம் இன்னும் குழம்புமாம். கிருமி போனால் அந்தக் குழப்பம் போகும், மறதி போகாது என்றார்கள்.

பொம்பிளை வாட்டு. துணைக்கு நிற்கிறதும் பொம்பிளைதான் நிற்கவேணும். சாந்தி நின்றாள். எனக்கு மத்தியானமும் பின்னேரமும் பார்க்க விடுகிற நேரம் மட்டும். மற்ற நேரமெல்லாம் வெளியே மரத்தடியில் இருந்தேன். இரவில் தங்கச்சி வீட்டுக்குப் போனேன். மறுகாவும் எழுவான்கரையில் படுத்தேன். கனகம்மா சொன்ன இடத்துக்குத்தான் கடைசியில் வந்து சேர்ந்தேன் என்று தங்கச்சியிடம் சொன்னேன். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

காய்ச்சல் இறங்கியது. ஆனால் அவ சாப்பிடவில்லை. சாந்தி கொடுத்தாலும் வாய் திறக்கவில்லை. மிஸிமார் கொடுத்தாலும் இல்லை. மூக்கால் குழாய் ஒன்று விட்டார்கள். அது வயிற்றுக்குள் போகும், அதால் பால் மாதிரிச் சாப்பாடு விடுவார்கள். அவ இழுத்து எடுத்துப்போட்டா. மறுகா விட்டார்கள். மறுகா எடுத்தா. பிறகு கைக்கு உறை மாதிரி ஒன்று போட்டு, துணியால் கட்டிலோடு கட்டினார்கள். செய்யாமல் வழி இல்லை. அவர்களையும் பிழை சொல்ல ஏலாது. ஆனால் களை பிடுங்கின கை கட்டிக் கிடந்தது.

வாட்டு டொக்டர் ஒரு கரண்டி தண்ணி கொடுத்துத் தொண்டையைத் தொட்டுப் பார்த்தார். "விழுங்கிறது சரியா இரிக்கி. தொண்டையில பழுது இல்ல. வாயத்தான் திறக்கிறா இல்ல. கொஞ்ச நாள் பாப்பம். சாப்பிடாட்டி குழாயோடதான் ஊட்டுக்கு விடணும். எப்பிடிக் குடுக்கிறது எண்டு மகளுக்குப் பழக்கித் தருவம்" என்றார்.

குழாயோடு வீட்டுக்கு என்றால் கையைக் கட்டித்தான் வைத்திருக்க வேணும். அவட வீட்டில், அவட கையை, நான் கட்டவேணும். எனக்கு அதுதான் பயம். சாவைவிட அது பயமாக இருந்தது.

பின்னேரம் போனேன். சேர்ட்டுப் போட்டு, செருப்புப் போட்டு, பார்க்க வந்த ஆள் மாதிரித்தான் போனேன். கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் இருந்தேன்.

"ஐயா, நீங்க ஆரப் பாக்க வந்தீங்க?" என்று கேட்டா.

"ஒரு ஆளத் தேடி வந்த நான் புள்ள."

"கண்டீங்களா?"

"இன்னும் இல்ல."

"பாவம்" என்றா. மற்றப் பக்கம் திரும்பிக்கொண்டா.

அன்றைக்கு மரத்தடியில் இருக்கும்போதுதான் அந்த யோசனை வந்தது. அடுத்த நாள் மருமகனிடம் சொல்லி மண்வெட்டியை எடுப்பித்தேன். வாசலில் காவல்காரர் பிடித்துக்கொண்டார்.

"மண்வெட்டியோட எங்க ஐயா? உள்ளுக்கு ஆரப் புதைக்கப் போறீங்க?"

"என்ட மனிசிக்குக் காட்டத் தம்பி."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "காட்டிற்று?"

"காட்டினாச் சாப்பிடுவா."

"ஐயா, நான் கலியாணம் முடிச்சு கன காலம். எனக்கும் ஒரு மண்வெட்டி வாங்கணும்போல" என்றார். ஆனால் உள்ளே விடவில்லை. மண்வெட்டியைத் தன் கூண்டுக்குள் சாத்தி வைத்துக்கொண்டார்.

சரி, கால் இருக்கிறதே என்று போனேன். வாட்டுக்குப் பின்னால் ஒரு பைப். அந்த மண்ணில் தண்ணி விட்டுக் காலை நனைத்துப் பூசிப்பார்த்தேன். எழுவான்கரை மண் வெள்ளை மணல். ஒட்டவில்லை. ஒட்டின கொஞ்சமும் கட்டிலுக்குப் போகமுதல் உதிர்ந்துபோனது. கனகம்மா காலைப் பார்த்தா. முகத்தைப் பார்த்தா.

"ஐயா, கடற்கரைப் பக்கமா போய் வந்தீங்க?" என்று கேட்டா.

பின்னால் அட்டெண்டன் பொம்பிளை துடைப்பத்தோடு நின்றா. "இப்பதான் துடைச்ச நான்! ஐயா, உங்களுக்கு விளையாட இடம் இல்லியா?"

பக்கத்துக் கட்டிலில் ஏறாவூரைச் சேர்ந்த ஒரு உம்மா. அவட மகள் றஹீமா துணைக்கு நின்றா. எங்களுக்கும் சேர்த்துக் கஞ்சி கொண்டுவருகிற பிள்ளை. சாந்தி அவவுக்கு எல்லாம் சொல்லியிருக்கிறாள். றஹீமாதான் சொன்னா, "வாப்பா, அது கடல் மணல். உங்கட மனிசி வயக்காரி. அவக்கு வயல் சேறு தெரியாதா? ஏமாத்தப் பாக்கிறீங்களே."

உண்மைதான். எனக்கு அது தோன்றவில்லை.

அடுத்த நாள் மருமகன் எங்கள் வட்டைக்குள் இறங்கி, ஒரு பால்மா டின் நிறையச் சேறு அள்ளி, மூடி போட்டுக்கொண்டு வந்தார். படுவான்கரைக் களிமண். கறுப்பு. திறந்தவுடனே வைக்கோல் ஊறின வாசம் வந்தது. வாட்டு மிஸியிடம் சாந்தி கேட்டாள். மிஸி முதலில் மாட்டேன் என்றா. நோயாளிகள் இருக்கிற இடம், கிருமி வரும் என்றா. அது நியாயம்தான். பிறகு கட்டிலில் கட்டிக் கிடந்த கையைப் பார்த்தா.

"ஒருக்கா மட்டும். மற்ற நோயாளிகள்ற பக்கம் போகக்கூடாது. பின்கதவால வாங்க" என்றா. பழைய பேப்பரைக் கதவில் இருந்து கட்டில் மட்டும் விரித்தா. அட்டெண்டன் பொம்பிளை ஏசிக்கொண்டே அதைக் காலால் சரிபண்ணிக் கொடுத்தா.

பைப்படியில் நின்று முழங்கால் மட்டும் பூசினேன். சேர்ட்டைக் கழற்றி, சாரனை மடித்துக் கட்டினேன். பேப்பரில் நடந்து போனேன்.

கனகம்மா கண்ணை மூடிக்கொண்டு கிடந்தா. நான் கிட்டப் போனதும் மூக்கு அசைந்தது. கண்ணைத் திறந்தா. காலைப் பார்த்தா.

"இஞ்சாருங்க."

"ம்."

"எங்க போயிற்றீங்க இவ்வளவு நாளா? தண்ணி கட்டப் போனா ஊடு வாசல் இல்லியா? இதென்ன, ஊடு முழுக்கக் கடதாசி. காலக் கழுவிற்று வாங்க."

திரும்பிப் போனேன். மிஸி பின்னால் வந்து, "முழுக்கக் கழுவாதீங்க ஐயா, கொஞ்சம் கிடக்கட்டும்" என்றா. ஒரு காலில் கொஞ்சம் விட்டேன். வந்து ஸ்டூலில் இருந்தேன். மிஸி கைக்கட்டை அவிழ்த்தா. றஹீமா கஞ்சிக் கோப்பையை நீட்டினா. கட்டிலை நிமிர்த்தி வைத்து, சின்னக் கரண்டியால், ஒவ்வொன்றாக, விழுங்கினதைப் பார்த்துப் பார்த்துக் கொடுத்தேன். வாய் திறந்தா. கோப்பை பாதிக்கு மேல் போனது.

மறுகா என் கையைப் பிடித்து நிறுத்தினா. கிட்ட வரச் சொன்னா. இரகசியம் மாதிரிச் சொன்னா.

"இஞ்ச ஒரு வயசான ஐயா வாறார். ஒவ்வொரு நாளும் வந்து இந்த இடத்திலதான் இரிக்கார். ஆரையோ தேடுறாராம். காணல்லியாம். பாவம். அவருக்கும் ஒரு பிடி வைங்க."

"வைக்கிறன்" என்றேன்.

"மறக்காதீங்க."

"மறக்க மாட்டன்."

றஹீமா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு உம்மாவின் போர்வையை மடித்தா. மடித்ததையே திருப்பித் திருப்பி மடித்துக்கொண்டு நின்றா.

அதற்குப் பிறகு மிஸி ஒருக்கா மட்டும் என்ற கதையை எடுக்கவில்லை. மருமகன் சேறு கொண்டுவந்தார். அட்டெண்டன் பொம்பிளை, "வந்திட்டார் வயக்காரப் போடியார்" என்று சொல்லிக்கொண்டு பேப்பர் விரித்தா. கையைக் கட்டவேண்டி வரவில்லை. குழாய் இல்லாமல் வீட்டுக்கு விட்டார்கள். வெளிக்கிடும்போது காவல்காரர் மண்வெட்டியைத் துடைத்துத் தந்தார்.

வீட்டுக்கு வந்த பிறகும் அந்த ஐயாவை அவ மறக்கவில்லை. நான் ஊட்டும்போது கடைசிப் பிடியைக் கோப்பையின் ஓரத்துக்குத் தள்ளுவா. "அவருக்கு" என்பா. அவ தூங்கின பிறகு அதை நான் தின்பேன். சாந்தி ஒருநாள் பார்த்துவிட்டு, "அப்பா, வேற சோறு இரிக்கி, போட்டுத் தாறன்" என்றாள். இதுதான் எனக்கு வைத்தது என்றேன்.

வாங்கில் இருக்கிறவர்கள் கேட்பார்கள், எப்படிச் சமாளிக்கிறீங்க என்று. எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். ஆளோடு வாதாடி வெல்ல ஏலாது. வென்றாலும் அது கொஞ்ச நேரத்தில் அவவுக்கு மறந்துபோகும், உங்களுக்கு மறக்காது. திடீரென்று வழக்கத்தைவிடக் கூடக் குழம்பினால் வருத்தம் முற்றிவிட்டது என்று வீட்டில் வைத்திராதீர்கள், கிருமி இருக்கும், காட்டுங்கள். சாப்பாட்டைப் படுக்கவைத்துக் கொடுக்காதீர்கள். உதவி செய்ய வருகிற ஆளை வேண்டாம் என்று சொல்லாதீர்கள். சாந்தி இல்லாவிட்டால் நான் இல்லை. சந்தோசமாக இருங்கள் என்று என்னால் சொல்ல ஏலாது. எனக்கு அது வரவில்லை. அவ சிரிக்கிற நேரம் பக்கத்தில் இருந்தேன். அது மட்டும் செய்தேன்.

இப்போது பெரும்போக நெல் குடலையில் நிற்கிறது. இன்னும் கொஞ்சத்தில் கதிர் வெளியே வரும். கனகம்மா கதைப்பது நின்றுபோய்விட்டது என்றே சொல்லலாம். வாய் மட்டும் திறக்கிறா. கடைசிப் பிடியைத் தள்ளுவதில்லை.

கடைசிப் பாதை போயிரும் என்றும் இப்போது சொல்வதில்லை. அது நின்றபோது நான் சந்தோசப்பட்டேன். இனி என்னைக் கலைக்கமாட்டா என்று நினைத்தேன். கிளினிக்கில் டொக்டரிடமும் அப்படித்தான் சொன்னேன். டொக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தா. திரும்பி வருகிற வழியில் ஓட்டோவுக்குள் இருந்து யோசித்தேன். என்னைப் போகச் சொல்ல, இது தன் வீடு என்று அவவுக்குத் தெரிந்திருக்க வேணும். அதுவும் போய்விட்டது. நான் இருந்தால் என்ன, போனால் என்ன என்று ஆகிவிட்டது.

பின்னேரம் நான் இன்னும் போகிறேன். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வாய்க்காலில் இறங்குகிறேன். முழங்கால் மட்டும் சேறோடு ஏறி வருகிறேன். சாந்தி அம்மாவைக் கதிரையில் வைத்து விறாந்தைக்குக் கொண்டுவந்திருப்பாள். கடப்படிக்கு உள்ளே வந்து, அவவுக்குத் தெரிகிற இடத்தில் நிற்கிறேன். அவ என்னைப் பார்க்கிறா. காலைப் பார்க்கிறா. மறுகா முற்றத்தில் நிற்கிற கோழியைப் பார்க்கிறா.

நான் அவசரப்படுவதில்லை. நிற்கிறேன். சேறு காயும்போது தோல் இழுக்கும். இழுக்கத் தொடங்கினதும் கிணற்றடிக்குப் போய், ஒருவரும் சொல்லாமல், காலைக் கழுவிக்கொண்டு உள்ளே வருகிறேன்.